நிற்கிற பஸ்

1997ஆம் ஆண்டு, இரண்டாம் தவணை. கொழும்பு, கொட்டாஞ்சேனையில் நான் படிப்பித்த பாடசாலையில் ஆண்டு எட்டுப் பிள்ளைகளுக்கு ‘எங்கள் வீடு’ என்று கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். முப்பத்தெட்டுக் கொப்பிகள் வந்தன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் வீடு குருவிக்கூடு போல இருந்தது, இல்லாவிட்டால் கோயில் போல இருந்தது. முற்றத்தில் மல்லிகை பூத்திருந்தது. ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவராக இருக்கிற அந்த ஒழுங்கைகளில் முற்றம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் சரி போட்டேன்.

ஒரு கொப்பியில் மட்டும் வேறுவிதமாக எழுதியிருந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து வலிகாமமே எழுந்து நடந்ததே, அந்த இடப்பெயர்வில் வீட்டை விட்டு, வழியில் இரண்டு மூன்று இடங்களில் தங்கித் தங்கிக் கொழும்புக்கு வந்து சேர்ந்த குடும்பத்துப் பையன். ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு லொட்ஜில் ஐந்து பேரும் ஒரே அறையில் இருந்தார்கள். அவன் எழுதியது இவ்வளவுதான்: “எங்கள் வீடு ஒரு அறை. அது நிற்கிற பஸ் மாதிரி. எல்லாரும் பையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறோம். எப்ப வெளிக்கிடும் எண்டு தெரியாது.”

‘நிற்கிற பஸ் மாதிரி’ என்பதன் கீழே சிவப்புப் பேனையால் கோடு போட்டேன். ‘எப்ப’, ‘எண்டு’ இரண்டையும் சுற்றி வட்டம் போட்டேன். ஓரத்தில், “வீட்டுக்கு இது தகுந்த உவமை அன்று. குருவிக்கூடு போல என எழுதுக” என்று எழுதினேன். இருபதுக்கு ஒன்பது புள்ளி. அடுத்த நாள் அவன் திருத்தம் எழுதிக்கொண்டு வந்தான். ‘எங்கள் வீடு குருவிக்கூடு போல இருக்கும்’ என்று மூன்று தரம், முத்து முத்தான எழுத்தில். அதற்கும் சரி போட்டுக் கையொப்பம் வைத்தேன்.

மூன்றாம் தவணைக்கு அவன் வரவில்லை. குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டான் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

எனக்கு இப்போது எழுபத்தாறு வயது. முப்பத்திரண்டு வருடம் தமிழ் படிப்பித்தவள். ஆயிரக்கணக்கான கொப்பிகள் என் கையால் போயிருக்கின்றன. திரும்பக் கையில் கிடைக்க வேண்டும் என்று நான் ஏங்குவது அந்த ஒன்றுக்குத்தான்.

அந்தக் காலத்தில் உவமையை நாங்கள் எப்படிப் படிப்பித்தோம் என்பதைச் சொன்னால்தான் நான் செய்த பிழை விளங்கும். ஒரு பட்டியல் இருந்தது. உள்ளங்கை நெல்லிக்கனி போல, பசுமரத்தாணி போல, அடியற்ற மரம் போல, அனலிற்பட்ட புழுப் போல, இலவு காத்த கிளி போல. கரும்பலகையின் இடப்பக்கம் உவமைத்தொடர், வலப்பக்கம் அதன் பொருள். பிள்ளைகள் பாடமாக்குவார்கள். பரீட்சையில் இடைவெளி நிரப்புவார்கள். கட்டுரையில் இவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்தால் ‘மொழிநடை’ என்ற பகுதிக்குப் புள்ளி கூடும். இந்தத் தொடர்களை நான் குறைவாகச் சொல்லவில்லை. எந்த ஊரிலோ ஒருவர் இலவ மரத்தடியில் நின்று, காய் வெடித்துப் பஞ்சு பறந்ததையும் காத்திருந்த கிளி வெறுமனே பார்த்ததையும் கண்டிருக்கிறார். தன் கண்ணால் கண்டதைச் சொன்னார், அது நூற்றாண்டுகளைத் தாண்டி நின்றது. நாங்கள் அவர் கண்ட கிளியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். அவர் பார்த்த பார்வையைக் கொடுக்கவில்லை. இலவ மரத்தையே பார்த்திராத கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு அது வெறும் சத்தமாகவே போய்ச் சேர்ந்தது.

அந்த வருடம் ஒக்டோபர் 15ஆம் திகதி கோட்டையில் உலக வர்த்தக மையத்துக்குப் பக்கத்தில் குண்டு வெடித்தது. அதற்குப் பின் வந்த நாட்களில் ஒரு மாலை. நான் வெள்ளவத்தைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வழக்கமாகக் கோட்டையில் ரயில் எடுப்பவள், அன்று பஸ்ஸில் ஏறியிருந்தேன். கொள்ளுப்பிட்டிக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். சாரதி எஞ்சினையும் நிறுத்தினார். காற்று நின்றது. யாரும் கதைக்கவில்லை. எல்லாருடைய மடியிலும் பை. கை பையின் வாரைச் சுற்றியிருந்தது, அடையாள அட்டை மேலே தயாராக இருந்தது. முன்னால் ஒரு குழந்தை ஏதோ கேட்டது, தாய் அதன் வாயை மெல்லப் பொத்தினாள். எப்போது புறப்படும் என்று கொண்டக்டரிடம் கேட்கக்கூட ஒருவருக்கும் மனம் வரவில்லை. என் மடியில் ஆண்டு எட்டுக் கொப்பிக் கட்டு இருந்தது.

அந்த இடத்தில்தான் அவனுடைய வசனம் எனக்கு விளங்கியது. முக்கால் மணித்தியாலம் நான் இருந்த இடத்தில் அந்தப் பிள்ளை இரண்டு வருடமாக இருந்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமலே தொல்காப்பியத்தை எடுத்தேன். ஆசிரியர் கலாசாலையில் பரீட்சைக்குப் படித்தது. பொருளதிகாரத்தில் ஏழாவதாக வருவது உவமவியல். உவமை வினையால் வரும், பயனால் வரும், வடிவால் வரும், நிறத்தால் வரும் என்று தொல்காப்பியர் நாலாகப் பிரிக்கிறார். அதை வைத்துப் பையனின் பஸ்ஸை அளந்து பார்த்தேன். வடிவு சரி: ஒடுங்கிய அறை, இரண்டு பக்கமும் கட்டில், நடுவில் ஒரு ஆள் போக வழி. வினை சரி: காத்திருத்தல். பயனும் சரி: ஓடாத பஸ்ஸால் பயணம் இல்லை, வாழ முடியாத அறையால் வீடு இல்லை. நான் எழுதிக் கொடுத்த குருவிக்கூடு ஒன்றுக்கும் பொருந்தவில்லை. குருவி தன் கூட்டைத் தானே கட்டுகிறது. அவர்கள் கட்டிய கூடு வலிகாமத்தில் கிடந்தது.

இன்னும் கொஞ்சம் வாசித்தேன். உவமையாக வருவது உயர்ந்த பொருளாக இருக்க வேண்டும் என்று ஓரிடத்தில் வருகிறது. நாங்கள் எல்லாரும் பிடித்துக்கொண்டது அந்த ஓர் இடத்தைத்தான். அதனால்தான் முகம் என்றால் நிலவு, கண் என்றால் கயல், வீடு என்றால் கோயில். ஆனால் உவமை பிறக்கும் நிலைக்களங்களைச் சொல்லும்போது சிறப்பு, நலன், காதல், வலி என்று நாலை அடுக்கிவிட்டு, ‘கிழக்கிடு பொருள்’ என்று ஐந்தாவதையும் சேர்க்கிறார். தாழ்ந்த பொருளும் உவமைக்கு இடம் தரும் என்கிறார். இதை நான் இருபத்திரண்டு வயதில் பாடமாக்கி, விடையும் எழுதி, புள்ளியும் வாங்கியிருக்கிறேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை லொட்ஜ் அறையில் இருந்து அதையே செய்து காட்டியபோது கோடு போட்டு வெட்டினேன்.

1998இல் இருந்து நான் படிப்பித்த முறை மாறியது. மாற்றத்துக்கான வழியும் அதே புத்தகத்தில்தான் கிடைத்தது. உவமவியலுக்கு முந்திய இயல் எது என்று பாருங்கள்: மெய்ப்பாட்டியல். உள்ளத்தில் எழுவது உடம்பில் எப்படித் தெரிகிறது என்பதைப் பேசும் இயல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. ஒவ்வொன்றும் பிறக்க நாலு காரணம், ஆக முப்பத்திரண்டு. முதலில் மெய்ப்பாடு, அதற்குப் பிறகு உவமை. ஆசிரியர் இதை வகுப்பறை வரிசையாக வைத்தாரா, தெரியாது. நான் அப்படி எடுத்துக்கொண்டேன், இன்றும் அது சரியென்றே நம்புகிறேன். உடம்பைக் கவனிக்கத் தெரியாத பிள்ளைக்கு உவமை கொடுத்தால், இல்லாத ஆளுக்கு நகை போட்டது போல ஆகிவிடும்.

ஆகவே முதலாம் தவணை முழுவதும் ‘போல’, ‘மாதிரி’ இரண்டும் கொப்பியில் வரக்கூடாது என்று சொல்லிவிடுவேன். பிள்ளைகளுக்கு முதலில் கஷ்டம். பிறகு ‘பயம்’ என்ற சொல்லையும் எடுத்துவிடுவேன். பயந்த ஒரு நேரத்தை எழுத வேண்டும், ஆனால் பயம், அச்சம், நடுக்கம் ஒன்றும் வரக்கூடாது. கை என்ன செய்தது, தொண்டை என்ன செய்தது, பக்கத்தில் இருந்தவர் என்ன செய்தார், அதை மட்டும் எழுது. ஒரு பிள்ளை எழுதினாள்: “சோதனைக்கு ஏறினதும் அம்மா என்ர கையைப் பிடிச்சா. வளையல் தோலில பதிஞ்சுது. நான் அசையேல்லை.” மூன்று வசனம். நான் அதை வகுப்பில் வாசித்தபோது பின்வாங்கிலிருந்து ஒரு பையன் தன் மணிக்கட்டைத் தடவினான். கதை போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு எனக்கு வேறு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை.

அழுகைக்குச் சொல்லப்பட்ட நாலு காரணங்களையும் அவர்களுக்கு என் சொல்லில் சொல்வேன். பிறர் இழிவாக நடத்துதல், இழந்துபோதல், முன்பிருந்த நிலை தளர்தல், வறுமை. எந்த அழுகை எதனால் வந்தது என்று கேட்டால் பிள்ளைகள் யோசிப்பார்கள். அப்பா வேலை இழந்து வீட்டில் இருக்கும்போது அம்மா அழுதது வறுமையாலா, நிலை தளர்ந்ததாலா? ஒரு பையன், “இரண்டுமில்லை ரீச்சர், மாமி வந்து சொன்ன கதையாலதான்” என்றான். அப்படியானால் உன் கதை மாமி கதவைத் தட்டுவதில் தொடங்க வேண்டும் என்றேன். அவன் அதுவரை அதை அப்பா பிறந்த ஊரிலிருந்து தொடங்கி எழுதிக்கொண்டிருந்தான்.

எங்கே தொடங்குவது என்பது பிள்ளைகளுக்குப் பெரிய சிக்கல். அதற்குக் காரணமும் நாங்கள்தான். ‘ஒரு குடையின் சுயசரிதை’, ‘ஒரு நாணயத்தின் சுயசரிதை’ என்று இலங்கைப் பாடசாலைகளில் எழுதாத பிள்ளை இருக்க முடியாது. நானும் எழுதியவள். அருமையான பயிற்சி, உயிரில்லாத பொருளுக்குள் புகுந்து பார்க்க வைக்கிறது. ஆனால் எல்லாக் குடைகளும் தொழிற்சாலையில் பிறந்து, கடையில் தொங்கி, ஒரு நல்ல மனிதரால் வாங்கப்பட்டு, கம்பி முறிந்து, குப்பைத் தொட்டியில் கிடந்து தம் கதையைச் சொல்லி முடிக்கும். பிறப்பிலிருந்து இறப்பு வரை ஒன்றரைப் பக்கம். அதற்குள் ஒரு துளி மழை கூட விழ நேரமில்லை. நான் கேட்பதை மாற்றினேன். குடையின் வாழ்க்கை வேண்டாம், ஒரே ஒரு மழை நாளைச் சொல். அந்த நாளிலும் பாடசாலை விட்ட நேரத்திலிருந்து பஸ் தரிப்பிடம் வரைக்கும் போதும். அன்று குடைக்குக் கீழே யார் இருந்தார்கள்? எந்தத் தோள் நனைந்தது? இப்படிக் கேட்டதும் குடைகள் ஒன்றுக்கொன்று வேறுபட ஆரம்பித்தன. ஒரு குடைக்குக் கீழே சண்டை போட்ட இரண்டு தோழிகள் கதைக்காமல் நடந்து போனார்கள். இன்னொரு குடை விரிக்கப்படவே இல்லை, ஏனென்றால் அது அக்காவின் கலியாணத்துக்கு வாங்கியது, நனையக்கூடாது.

பார்ப்பதற்காக வெளியே கூட்டிக்கொண்டு போன நாட்களும் உண்டு, அதிபர் அனுமதித்தபோது. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் சனம் திரளும். கத்தோலிக்கர் மட்டுமல்ல, நெற்றியில் திருநீறோடும் வருவார்கள், சிங்களச் சனமும் வரும். கொஞ்சத் தூரத்தில், பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயில். இரண்டுக்கும் போவோம். ஐந்து நிமிடம் ஓரமாக நிற்க வேண்டும், ஒருவரும் உனக்குச் சொல்லித்தராத மூன்று விஷயங்களைக் கொண்டுவர வேண்டும். ‘பக்தர்கள் பக்தியோடு வணங்கினார்கள்’ என்று கொண்டுவந்தால் திரும்ப அனுப்புவேன். ஒரு பிள்ளை வந்து, “டீச்சர், ஒரு ஆளு மெழுகுதிரிய வாங்கி, கொளுத்தாம பைக்குள்ள போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. ஏன்?” என்று கேட்டாள். ஏன் என்று எனக்கும் தெரியாது, நீ எழுதினால் நான் அறிந்துகொள்வேன் என்றேன். அவள் இரண்டு கிழமை அந்த ஆளை எழுதினாள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த செய்தி வந்தபோது நான் ஓய்வு பெற்றுப் பத்து வருடம். முதலில் என் மனதுக்கு வந்தது, பிள்ளைகள் பார்த்து வைத்த அந்தச் சிறு பொருள்கள்தான். கொளுத்தாத அந்த மெழுகுதிரி, ஒரு பாட்டி கக்கத்தில் இடுக்கியிருந்த செருப்பு.

மெழுகுதிரியைக் கண்டவள்தான் பிறகு எனக்கு உவமையையும் கற்றுத் தந்தாள். அவளுடைய தகப்பன் புறக்கோட்டையில் நாட்டாமி. மொத்தக் கடைகளுக்கு மூட்டை சுமக்கிறவர். இரண்டாம் தவணையில் ‘போல’வுக்குக் கதவைத் திறந்துவிட்டு, வீட்டில் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னேன். அவள் வெகுநேரம் எழுதாமல் இருந்தாள். பக்கத்தில் போய்க் கேட்டேன். “அப்பா மூட்டை இல்லாட்டியும் மூட்டை இருக்கிற மாதிரிதான் நடப்பாரு டீச்சர். அத எப்படி எழுதுறது?” என்றாள். அதை அப்படியே எழுது என்றேன். நிலவையும் கயலையும் தேடி எங்கும் போகவில்லை அவள். அவருடைய தோளையே அவருடைய தோளுக்கு உவமையாக்கிவிட்டாள். முப்பத்திரண்டு வருடத்தில் நான் வாசித்த, மறக்க முடியாத வசனங்களில் அது ஒன்று.

அவள் ‘டீச்சர்’ என்றாள், நிற்கிற பஸ்ஸை எழுதிய பையன் ‘ரீச்சர்’ என்றிருப்பான். ஒரே வகுப்பில் மலையகத்தில் வேர்கொண்ட குடும்பத்துத் தமிழும் யாழ்ப்பாணத்துத் தமிழும் மட்டக்களப்புத் தமிழும் ஒன்றாக இருக்கும். கட்டுரையின் நடையைப் பொதுத் தமிழில் எழுது, ஆனால் ஆட்கள் பேசும்போது அவரவர் வாயால் பேசவிடு என்று சொன்னேன். ‘எப்ப’, ‘எண்டு’ என்பவற்றைச் சுற்றி வட்டம் போடுவதை நிறுத்தினேன். பேச்சுத் தமிழைக் கதையில் எழுதலாமா என்று இந்த நாட்டில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் நடந்த மரபுப் போராட்டம் அதுதான். ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்க்கையை அவர்களுடைய பேச்சிலேயே எழுதியவர்களின் எழுத்தை ‘இழிசனர் இலக்கியம்’ என்று பண்டிதர்கள் சிலர் ஒதுக்கினார்கள். அப்படி எழுதியவர்களில் ஒருவர் டொமினிக் ஜீவா. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவர். யாழ்ப்பாணத்தில் முடி திருத்தும் தொழில் செய்தபடியே கதை எழுதினார். அவருடைய ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1960இல் வந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966இல் அவர் தொடங்கிய ‘மல்லிகை’ பிற்காலத்தில் கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதிக்கு வந்தது. எங்கள் பாடசாலையிலிருந்து நடந்து போகும் தூரம். மல்லிகைப் பிரதிகளைக் கையில் தூக்கிக்கொண்டு போய் அவரே விற்பார். அவர் 2021இல் இறந்தபோது நான் என் பழைய பிள்ளைகள் சிலருக்கு எழுதினேன்: நாங்கள் ‘தாழ்ந்த பொருள்’ என்று படித்தோமே, அதை வைத்து ஓர் ஆயுள் முழுக்க எழுதிய மனிதர் நம் தெருவில் நடந்து திரிந்தார் என்று.

உலகத்தின் வேறு மூலைகளிலும் ஆசிரியர்கள் இதே இடத்தில் தட்டுப்பட்டிருக்கிறார்கள். நியூயோர்க் மன்ஹாட்டனில் பி.எஸ். 61 என்ற அரசாங்கப் பாடசாலையில், 1968 தொடக்கம் கெனத் கோக் என்ற கவிஞர் சிறு பிள்ளைகளுக்குக் கவிதை எழுதப் பழக்கினார். 1970இல் அந்த அனுபவத்தைப் புத்தகமாக்கினார். ‘விருப்பங்கள், பொய்கள், கனவுகள்’ என்று தலைப்பு. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள், வேற்று மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே படித்தார்கள். ஒவ்வொரு வரியிலும் ஓர் ஒப்புமை வர வேண்டும் என்று ஒரு நாள் பாடம் வைத்திருக்கிறார். எங்களைப் போல முதலில் பட்டியல் கொடுக்கவில்லை. கனடாவில் இருக்கும் என் தங்கை மகள் அந்தப் புத்தகத்தை அனுப்பியபோது, இது எனக்கு முப்பது வயதில் கிடைத்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். ஆனால் வேறொருவரை நோகவும் காரணமில்லை. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் கத்தரித் தோட்டத்து வெருளியைக் காவல்காரனாக்கிப் பாடிய பாட்டு ஐந்து வயதிலேயே எனக்குப் பாடமாக இருந்தது. வைக்கோலும் பழஞ்சட்டையும்தான், அதைவிடத் தாழ்ந்த பொருள் எது? அதை வைத்துத்தான் அவர் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார்.

சிரிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கும் நான் வழி தவறினேன். ஓரிரு வருடம், துயரமான கட்டுரைகளையே எடுத்து வகுப்பில் வாசித்துவிட்டேன். அவை நன்றாக இருந்தன என்பது உண்மை. ஆனால் பிள்ளைகள் ஆசிரியரின் முகத்தைப் படிப்பதில் கெட்டிக்காரர். அடுத்த தவணையில் எல்லார் வீட்டிலும் யாரோ செத்துப்போனார்கள். ஒரு பையன் தகப்பன் இறந்ததாக உருக்கமாக எழுதியிருந்தான். பெற்றோர் கூட்டத்துக்கு அந்தத் தகப்பன் வந்து என் முன்னால் நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிள்ளையின் காயத்தைக் கேட்டு வாங்க ஆசிரியருக்கு உரிமை இல்லை. அவன் தானாகக் கொண்டுவந்தால் இரண்டு கையாலும் வாங்க வேண்டும், அவ்வளவுதான். எட்டு மெய்ப்பாடுகளில் நகையும் உவகையும் பெருமிதமும் இருக்கின்றன என்பதை அதற்குப் பிறகு நான் மறக்கவில்லை.

வெள்ளவத்தையில் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. “ரீச்சர், இப்பிடி எழுதினால் புள்ளி வருமோ?” அது நியாயமான கேள்வி. காலி வீதியின் இரண்டு பக்க ஒழுங்கைகளிலும் ரியூஷன் வகுப்புகள். அங்கே தட்டச்சு செய்த கட்டுரைகள் கொடுக்கிறார்கள், பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள். சாதாரண தரப் பரீட்சையின் விடைத்தாள் திருத்த நான் போயிருக்கிறேன். அங்கே நடப்பதை அவர்களுக்குச் சொல்வேன். ஒரே மண்டபத்து விடைத்தாள்களில் ஒரே முகவுரை, ஒரே காலைச் சூரியன், ஒரே பறவைகளின் கானம். பத்து, இருபது, முப்பது. கை தானாக ஓடும். அப்போது ஒரு தாளில் ஒரு பிள்ளை தன் வீட்டுத் தண்ணீர்க் குழாய் இரவு இரண்டு மணிக்கு இருமத் தொடங்குவதைப் பற்றி ஒரு வசனம் எழுதியிருப்பாள். கை நின்றுவிடும். பக்கத்தில் திருத்துபவரைக் கூப்பிட்டுக் காட்டுவோம். அந்தத் தாளுக்குப் புள்ளி குறைந்ததை நான் கண்டதில்லை. இதைச் சொன்னாலும் எல்லாத் தாய்மாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களை நான் கோபிப்பதும் இல்லை, அவர்கள் பயம் வேறு இடத்திலிருந்து வருகிறது.

இப்போது சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு ஐந்து பிள்ளைகள் வருகிறார்கள். தரம் ஏழும் எட்டும். மெரைன் டிரைவுக்குப் பின்னால் மூன்றாம் மாடி, யன்னலில் கடலும் ரயில் பாதையும் தெரியும். ஒருவனுக்குத் தமிழை விட ஆங்கிலம் சுலபம், வீட்டில் அப்படி. அவன்தான் சூன் பாண் ஓட்டோவைப் பற்றி எழுதினான். பின்னேரங்களில் ஒழுங்கைக்குள் வரும் அந்த வண்டி பீத்தோவனின் இசையொன்றைப் போட்டுக்கொண்டு வரும். அவன் பியானோ வகுப்பில் அதே இசையை வாசிக்கப் பழகுகிறான். “நான் அதை வாசிக்கும்போது விரலில் மாலுபாண் மணக்கும்” என்று எழுதியிருந்தான். எங்களுக்கு வயிறு நோகும்வரை சிரிப்பு. இதை வியன்னாவில் எவராலும் எழுத முடியாது என்று அவனுக்குச் சொன்னேன்.

இன்னொரு பிள்ளைக்குத் தற்குறிப்பேற்ற அணி பாடம். மதுரையைக் கோவலனும் கண்ணகியும் நெருங்கும்போது மதிற்கொடிகள், வரவேண்டாம் என்று கை காட்டுவது போல அசைந்தன என்று இளங்கோ சொல்லும் இடம் எங்கள் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம். காற்று தன் பாட்டில் வீசுகிறது, கொடி தன் பாட்டில் அசைகிறது, நடக்கப்போவதை அறிந்த புலவர் தன் மனத்தை அந்த அசைவில் ஏற்றுகிறார். இதைச் சொல்லிவிட்டு, உன் வீட்டில் காற்றில் அசைகிற ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அடுத்த கிழமை எழுதிக்கொண்டு வந்தாள். தகப்பன் கட்டாரில், மூன்று வருடமாகிறது. அவர் விட்டுப்போன சேட் ஒன்றை யாரும் உடுத்தாவிட்டாலும் தாய் மாதத்துக்கு ஒருமுறை தோய்த்துப் பல்கனியில் காயப்போடுவாள். “காற்று வந்தால் அது எங்களுக்குக் கையாட்டும். வருகிறேன் என்றா, போகிறேன் என்றா என்று அம்மா பார்த்துக்கொண்டு நிற்பா.” நான் பேனையைத் திறக்கவே இல்லை. கொப்பியை மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தேன்.

போன சனிக்கிழமை எல்லாரையும் யன்னலுக்கு முன்னால் இருத்தி, கடலைப் பார்த்து எழுதச் சொன்னேன். ஆடி மாதக் கடல். மண்ணிறமாகப் புரண்டு வந்து ரயில் பாதைக்குப் போட்ட கற்களில் அடிக்கிறது. நாலு பேர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். சேட்டைப் பற்றி எழுதிய பிள்ளை மட்டும் பேனையை வைத்துவிட்டு இருந்தாள். பத்து நிமிடம் பார்த்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

“ரீச்சர், கடல் இண்டைக்கு ஒண்டு மாதிரியும் இல்லை.”

“அப்ப என்ன மாதிரி இருக்கு, பிள்ளை?”

“கடல் மாதிரித்தான் இருக்கு.”

“அதையே எழுதம்மா.”

அவள் எழுதினாள். எழுதிவிட்டுத் திரும்பவும் கடலைப் பார்த்தாள். தெகிவளைப் பக்கமிருந்து ரயில் ஒன்று வந்து, யன்னல் கண்ணாடியெல்லாம் அதிர, கோட்டையை நோக்கிப் போனது. மற்ற நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் இரண்டாவது வசனத்தைத் தொடங்கியிருந்தாள்.